புல்லும் ஒரு செல்வம்

மாடு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் செல்வம் என்றும் பொருள் உண்டு. ஒருவருடைய செல்வத்தை அவருடைய பட்டியில் நின்ற ஆநிரையைக் கொண்டு அளந்த காலம் அது. நிரை கவர்தலும் நிரை மீட்டலும் அக்காலப் போரின் தொடக்கமாக விளங்கின. வெட்சி என்றும் கரந்தை என்றும் முன்னோர் அவற்றிற்குத் திணை வகுத்தனர். சவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. படைக்கலம் ஏந்திய வீரனின் உருவமும் அவன் வீழ்ந்த செய்தியும் அக்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆநிரையைக் குறிக்கும் 'தொறு' என்னும் சொல்லையும் அவற்றில் காணலாம். ஊர் மாடுகளை மீட்கச் சென்று உயிர் நீத்தவனை ஊரார் கல் நட்டு வணங்கினர்.

இன்று நிரை கவரும் பகைவர் இலர். ஆயினும் மாடுகள் பட்டியை விட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மாசியிலும் பங்குனியிலும் தீவனம் இன்றி எலும்பு தெரிய மெலிந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுக் கையில் வெறுங் கயிற்றோடு திரும்புகிறான் உழவன். அவனை வென்ற பகைவன் யார்? புல்லின்மை என்பதே அப்பகைவனின் பெயர். இப்பகைவன் எதிர்பாராமல் வருபவன் அல்லன். ஆண்டுதோறும் நாள் குறித்து வருபவன். நாள் குறித்து வரும் பகைக்கு முன்னதாகவே அரண் செய்துகொள்ளாதிருத்தல் அறிவுடைமை ஆகாது.

அந்த அரண் யாது? மழைக்காலத்துப் புல்லைக் கண்டு மாடுகளைப் பெருக்காமல், பனிக்காலத்துக்கும் வேனிற்காலத்துக்கும் எஞ்சக்கூடிய புல்லைக் கொண்டு மாடுகளை அளப்பதே அந்த அரண். அவ்வளவைத் தனி ஒருவர் வகுத்துப் பயனில்லை. ஊர் கூடி வகுக்கவேண்டும். இவ்விரண்டும் கைவந்தால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மாடுகள் கோடையைக் கடப்பது அரிதன்று.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கெல்லையில் நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலையின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்தவை. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமை முதலிய சிறுதானியங்களையும் மரவள்ளியையும் அவர்கள் பயிரிடுகின்றனர். மலைச்சரிவில் ஏர் பூட்டவும் எரு பெறவும் மாடு அவர்களுக்கு இன்றியமையாதது. அடிவாரத்துச் சமவெளியிலோ நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகின்றன. அங்கே பால் மாடு வீட்டின் அன்றாடச் செலவைத் தாங்குகிறது. மலையாயினும் சமவெளியாயினும் மாட்டின் உணவுக்கு அடிப்படை புல்லே ஆகும்.

இப்பகுதியில் புல்லின் ஓராண்டு வாழ்க்கையை நோக்குவோர்க்கு உண்மை தெளிவாக விளங்கும். தென்மேற்குப் பருவமழையின் தூறலில் ஆடியில் புல் துளிர்க்கிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் தழைக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலை முழுதும் பச்சைப் போர்வை போர்த்தாற்போல் காட்சி தருகிறது. மார்கழியில் மழை ஓய்கிறது. முன்பனியில் புல் கதிர் முற்றி விதை உதிர்க்கிறது. தை கழிந்து பின்பனி தொடங்கும்போது தாள் காய்ந்து பழுப்பு நிறம் கொள்கிறது. காலைப் பனித்துளி புல்லின் நுனியை நனைக்குமே அன்றி வேரை வளர்க்காது. அதன் பின்னர், கோடை மழை நன்கு பெய்யும் வரையில் புதுப் புல் தோன்றுவதில்லை. ஆகவே, தை முதல் வைகாசி வரை ஏறத்தாழ 150 நாள்கள் மாடு பழைய புல்லைக் கொண்டே வாழவேண்டும்.

இந்த 150 நாள்களுக்கு வேண்டிய உணவு எவ்வளவு? கணக்கு எளியது. மாடு ஒன்று நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவேனும் ஈரம் நீங்கிய உணவை உண்ணவேண்டும். உள்நாட்டுச் சிறிய பசு ஒன்றின் எடை 250 கிலோ எனக் கொண்டால், நாளொன்றுக்கு 6 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உலர் தீவனம் வேண்டும். 150 நாள்களுக்கு அது 900 கிலோவுக்கு மேல் ஆகிறது. இரண்டு பசுக்களும் ஒரு காளையும் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ மூன்று டன் தீவனம் தேவை. கார்த்திகையில் மலையைப் பார்த்து, 'புல்லுக்கு என்ன குறை?' என்று மகிழ்வோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஐப்பசிப் புல்லுக்கு ஏற்ப மாட்டைப் பெருக்குவது, அறுவடை நாளில் குவிந்த நெல்லைக் கண்டு ஆண்டு முழுதும் விருந்து வைக்கலாம் என்று எண்ணுவதைப் போன்றதே.

புல்லின் அளவு குறைவதோடு தீங்கு நிற்பதில்லை. அதன் தரமும் குறைகிறது. பூக்கும் பருவத்தில் புல்லில் புரதச் சத்து நிறைந்திருக்கும். விதை முற்றிய பின்னர் அது பாதிக்கும் கீழே குறைந்து, தாள் வைக்கோலைப் போல் ஆகிவிடும். மாட்டின் முதல் இரைப்பையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவையே புல்லின் நாரைச் செரிக்கச் செய்கின்றன. தீவனத்தில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே குறைந்தால் அந்நுண்ணுயிர்கள் தளர்கின்றன, செரிமானம் மந்தமாகிறது, மாடு உண்ணும் அளவும் குறைகிறது. காய்ந்த புல் எதிரே கிடக்கவும் மாடு மெலிவதற்குக் காரணம் இதுவே.

இனி, புல்லின் இயல்பையும் அறிதல் வேண்டும். புல்லை வேரில்தான் காக்கவேண்டும். அவ்வேரையோ இலைதான் காக்கிறது. இலை கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. அவ்வுணவால் வேர் ஆழ்ந்து செல்கிறது. ஆழ்ந்த வேர் கோடையில் நீரைத் தேடித் தருகிறது. இலை முழுவதையும் மாடு கடித்துவிட்டால் இந்தச் சுழற்சி அறுபடுகிறது. அமெரிக்க நாட்டின் வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கிரைடர் என்னும் அறிஞர் இதனை ஆய்ந்து 1955-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். புல்லின் தழையில் பாதியளவு வெட்டப்பட்டபோது வேரின் வளர்ச்சி பெரிதும் தடைப்படவில்லை. பத்தில் எட்டுப் பங்கு வெட்டப்பட்டபோதோ வேரின் வளர்ச்சி அடியோடு நின்றது. ஒன்பது பங்கு வெட்டப்பட்டபோது இரண்டு வாரங்களுக்கு மேலும் அது நின்றிருந்தது. பாதியை மேய்த்துப் பாதியை விடுபவன் புல்லைக் காக்கிறான் என்பதும், முழுவதையும் மேய்ப்பவன் அடுத்த ஆண்டுப் புல்லையும் இவ்வாண்டே மேய்த்துவிடுகிறான் என்பதும் இவ்வாய்வினால் பெறப்படும் உண்மைகள்.

பிரான்சு நாட்டு உழவரும் அறிஞருமாகிய ஆந்திரே வுவாசான் 1957-இல் வெளியிட்ட தம் நூலில் மற்றோர் உண்மையை வற்புறுத்தினார். மேய்ச்சல் நிலத்தில் எத்தனை மாடுகள் நிற்கின்றன என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அவை எத்தனை நாள் நிற்கின்றன, அவை சென்ற பின்னர்ப் புல்லுக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைக்கிறது என்பவற்றையும் நோக்கவேண்டும் என்பது அவர் கருத்து. கடித்த புல் மீண்டும் துளிர்க்கிறது. அந்தத் துளிர், வேரில் இருந்த சேமிப்பைச் செலவிட்டு வெளிவந்தது. அதனை உடனே மீண்டும் கடித்தால், வரவின்றிச் செலவு செய்யும் குடும்பத்தைப் போல் புல் நொடித்துப் போகிறது. நல்ல புல் அழிந்த இடத்தில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் முளைக்கின்றன. மாடு தொடாத அச்செடிகள் ஓங்கியபின் அந்நிலம் பெயரளவில்தான் மேய்ச்சல் நிலமாக இருக்கும்.

இவை வெளிநாட்டார் கண்டு சொன்ன புதுமைகள் என்று கருதவேண்டா. கொங்கு நாட்டு உழவர்கள் இவ்வுண்மைகளை அனுபவத்தால் அறிந்து நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகின்றனர். காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. ஒவ்வொரு நிலத்தைச் சுற்றியும் முள் நிறைந்த கிளுவை மரங்களால் உயிர்வேலி அமைத்திருப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். மரம் வெயிலுக்கு நிழலாகும். வேனிற்காலத்தில் அதன் காய்கள் உதிர்ந்து கால்நடைகளுக்கு உணவாகும். ஒரு காட்டில் புல் அடங்கியதும் மாடுகளை மற்றொரு காட்டுக்கு மாற்றுவர். மேய்ந்த காடு ஓய்வு பெறும். ஏர் இழுப்பதிலும் வண்டி இழுப்பதிலும் பெயர் பெற்ற காங்கேயம் காளைகள் இந்தக் கொறங்காடுகளில் வளர்ந்தவையே.

காங்கேயம் பகுதி வறட்சி மிக்கது. கள்ளக்குறிச்சியில் பெய்யும் மழையைவிட அங்குப் பெய்யும் மழை மிகக் குறைவு. ஆயினும் அங்கே மேய்ச்சல் நிலம் தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றது. மழை மிகுந்த இடத்தில் புல் அழிவதும், மழை குறைந்த இடத்தில் புல் நிலைப்பதும் ஏன்? வரையறை இன்மையும் வரையறை உண்மையுமே காரணம். வானம் தருவது புல். அதனை நிலைநிறுத்துவது மனிதனின் ஒழுங்கு.

கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் இவ்வொழுங்கை எவ்வாறு அமைப்பது? மேய்ச்சல் நிலத்தை முதலில் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். மழைக்காலத்தில் மாடுகள் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு முறையாகச் செல்லவேண்டும். அவற்றுள் ஒரு பகுதியைப் புரட்டாசி முதலே அடைத்துவிட வேண்டும். அப்பகுதியில் தழைத்து நிற்கும் புல்லே பனிக்காலத்துக்குரிய வைப்பு. குளிர் மிகுந்த இங்கிலாந்து முதலிய நாடுகளில் உழவர்கள் வேனிற்கால இறுதியில் சில புல்வெளிகளை அடைத்து வைப்பர். பனிக்காலத்தில் அவற்றைத் திறந்து, நாளுக்கு ஒரு சிறு துண்டாகக் கம்பியால் வரையறுத்து மாடுகளை மேய்ப்பர். அங்கே புல் வளர்ச்சியைக் குளிர் நிறுத்துகிறது. இங்கே வறட்சி நிறுத்துகிறது. தடை வேறாயினும் தற்காப்பு ஒன்றே. வைப்பு நிலத்தை ஒரே நாளில் திறந்துவிட்டால் மாடுகள் தின்பதைவிட மிதிப்பது மிகுதியாகும். சிறுகச் சிறுகத் திறப்பதே முறை.

அடுத்து, புல்லின் ஒரு பங்கை உரிய பருவத்தில் அறுத்து உலர்த்தி வைக்கவேண்டும். பூக்கும் பருவமே உரிய பருவம். இங்கு ஓர் இடையூறு உண்டு. புல் பூக்கும் காலத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. அறுத்துத் தரையில் பரப்பிய புல் நனைந்து பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தீவனம் மாட்டுக்குக் கேடு. எனவே, மழை இடைவிட்டு வெயில் காயும் நாள்களைப் பார்த்து அறுக்கவேண்டும். மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியின்மேல் புல்லைப் போர்த்தி, காற்று ஊடுருவுமாறு உலர்த்தவேண்டும். மக்காச்சோளமும் சோளமும் விளையும் சமவெளியில், பசுந்தட்டையை நறுக்கிக் குழியில் இட்டு, காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தி வைக்கலாம். இதற்கு வெயில் தேவையில்லை.

அதனோடு, காய்ந்த புல்லில் குறைந்த புரதத்தை வேறு வழியால் ஈடு செய்யவேண்டும். வேலிமசால், முயல்மசால் ஆகிய பயறுவகைத் தீவனச் செடிகளும், அகத்தி, கிளைரிசிடியா முதலிய மரங்களின் தழைகளும் புரதம் மிக்கவை. வேலியோரத்தில் வரிசையாக நட்டுவைத்த மரங்கள், புல் காய்ந்த காலத்திலும் ஆழ்ந்த வேரால் பசுமை காத்து நிற்கும். நெல்லின் வைக்கோலும் கரும்பின் கொழுந்தாடையும் சமவெளியில் உண்டு. கதிர் அறுத்த கையோடு வைக்கோலைச் சேர்த்துப் போர் வேய்வது முன்னோர் வழக்கம். இயந்திரத்தால் அறுக்கும் இக்காலத்தில் வயலில் சிதறிய வைக்கோலைச் சேர்க்காமல் கொளுத்திவிடுவோரும் உளர். ஒருவருடைய வயலில் புகையாகப் போகும் அவ்வைக்கோல், சில கல் தொலைவில் உள்ள மலையூரில் ஒரு மாட்டின் உயிர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

தீயைப் பற்றி மேலும் கூறவேண்டும். காய்ந்த புல்லைக் கொளுத்தினால் புதுத் துளிர் வரும் என்பது மலைநாடுகள் பலவற்றில் நிலவும் எண்ணம். அது முற்றும் பொய்யன்று. தீக்குப் பின் துளிர் வருவது கண்கூடு. ஆனால் அத்துளிரும் வேரின் சேமிப்பைக் கொண்டே வருகிறது. ஈரம் இல்லாத மாசியில் வந்த துளிரைப் பசித்த மாடுகள் உடனே கடித்துவிட, வேர் வலுவிழக்கிறது. 100 நாள்களுக்கு உணவாகியிருக்கக்கூடிய காய்ந்த புல் ஒரே நாளில் சாம்பலாகிறது. மூடாக்கு இழந்த சரிவில் கோடை மழை அறைந்து பெய்யும்போது மேல்மண் ஆற்றோடு போகிறது. இம்மலையில் தோன்றும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையில் தேங்கிச் சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. சரிவில் புல் அழிந்தால் அணையில் வண்டல் சேரும். ஆகவே மலையின் புல்லைக் காத்தல் மலைவாழ் மக்களின் கடமை மட்டுமன்று. அணை நீரை உண்டு வாழும் சமவெளி மக்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கு ஒரு தடை எழக்கூடும். 'கொறங்காடு தனியார் நிலம். உரியவன் வேலியிட்டுக் காக்கிறான். ஊர்ப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கையும் காட்டோரத்தையும் யார் காப்பது? ஒருவன் மாட்டைக் குறைத்தால் அவன் விட்ட புல்லை அடுத்தவன் மாடு தின்றுவிடும் அன்றோ?' என்பதே அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. கட்டுப்பாடு இல்லாத பொதுநிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே சென்று இறுதியில் அனைவரும் அழிவர் என்று கேரட்டு ஆர்டின் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-இல் எழுதினார். ஆனால், பொதுநிலம் என்றாலே கட்டுப்பாடு இல்லாத நிலம் என்பது பொருளா? அன்று. பொதுமக்கள் தாமே விதி வகுத்துப் பொதுச் சொத்தைக் காத்த வரலாறுகளை எலினார் ஆஸ்திரம் அம்மையார் தொகுத்து ஆராய்ந்தார். அவ்வாய்வுக்காக 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

அவர் எடுத்துக்காட்டிய ஊர்களுள் ஒன்று சுவிட்சர்லாந்து நாட்டின் மலைச்சிற்றூராகிய தோர்பெல். அவ்வூரார் 1517-ஆம் ஆண்டிலேயே ஒரு விதியை எழுதி வைத்தனர். பனிக்காலத்தில் தன் வீட்டுத் தீவனத்தைக் கொண்டு எத்தனை பசுக்களைக் காக்க ஒருவனால் இயலுமோ, அத்தனை பசுக்களை மட்டுமே அவன் வேனிற்காலத்தில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்பதே அவ்விதி. எத்துணைச் சிறிய விதி! எத்துணைப் பெரிய அறிவு! வளம் மிக்க காலத்தின் அளவை வறுமைக் காலமே வகுக்கிறது. செல்வனாயினும் எளியவனாயினும் அளவுகோல் ஒன்றே. ஐரோப்பாவின் பனிமலையில் பனிக்காலத்தைக் கொண்டு வகுத்த அவ்வளவுகோல், கல்வராயன் மலையில் கோடையைக் கொண்டு வகுப்பதற்கும் பொருந்தும்.

இந்திய நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சண்டிகர் நகரத்துச் சுக்னா ஏரி மண்ணால் மேடிட்டு வந்தபோது, அந்த மண் அரியானாவில் உள்ள சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடுத்த மொட்டைக் குன்றுகளிலிருந்து வருவது தெரியவந்தது. 1970-களின் இடைப்பகுதியில் பி. ஆர். மிஸ்ரா என்னும் மண்காப்பு அறிஞர் அவ்வூராரோடு கலந்து பேசினார். குன்றடியில் சிறிய மண் அணைகள் கட்டப்பட்டன. வயலுக்கு நீர் கிடைத்தது. நிலம் உடையவர், நிலம் இல்லாதவர் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சம பங்கு என்று வகுத்தனர். அதற்கு ஈடாக ஊரார் தம் கால்நடைகளைக் குன்றில் விடாதொழிந்தனர். முள்வேலி கட்டவில்லை, ஊரின் வாக்கே வேலியாயிற்று. குன்றில் புல் மீண்டும் அடர்ந்தது. வெள்ளாடுகள் குறைந்து, கட்டித் தீனியிட்டு வளர்க்கும் எருமைகள் பெருகின.

சுகோமாஜ்ரியின் வெற்றிக்கு அடிப்படை நீதி என்பதை மறத்தலாகாது. மேய்ச்சலை வரையறுக்கும்போது முதலில் இடர்ப்படுபவர் ஒரே மாட்டை வைத்திருக்கும் ஏழையே. அவருக்கு நிலம் இல்லை, வைக்கோல் இல்லை, பொதுப்புல் ஒன்றே பற்றுக்கோடு. பத்து மாடு உடையவரையும் ஒரு மாடு உடையவரையும் ஒரே நாளில் ஒரே விதியால் தடுப்பது சமன் செய்தல் போல் தோன்றினும் நீதி ஆகாது. குறைக்கவேண்டுமாயின் மிகுதியாக உடையவரிடமிருந்து தொடங்கவேண்டும். அடைத்த நிலத்தில் அறுக்கும் புல்லில் நிலமற்றோர்க்கு உரிய பங்கை முதலில் எடுத்து வைக்கவேண்டும். அவ்வாறு செய்யாத ஊரில் விதி ஏட்டில் இருக்கும். மாடுகள் இரவில் மேயும்.

'மலைக்காட்டில் மாடுகளே நுழையாதவாறு தடுத்துவிட்டால் என்ன?' என்று கேட்போரும் உளர். வனவிலங்குகளுக்கென ஒதுக்கிய இடங்களில் அத்தகைய தடை தேவைப்படலாம். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத்துக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து முதலில் ஆணையிட்டது. பின்னர் அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமென வரையறுத்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலைக் காடுவாழ் மக்களின் சமூக உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. தாம் வழிவழியாகக் காத்துவந்த காட்டு வளத்தைப் பேணும் உரிமையையும் அவர்களுக்கு அளித்துள்ளது. உரிமையைத் தந்த சட்டம் காக்கும் பொறுப்பையும் உடன் தந்துள்ளது என்பதை உணரவேண்டும். மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் மக்களின் வாழ்வு நலியும். மேயாது விட்ட புல் காய்ந்து குவிந்து தீக்கு இரையாகும். வரம்பின்றி மேய்த்தாலோ புல்லே இல்லாமற் போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவான மேய்ச்சலே நன்னெறி.

அரசினரும் இதில் செய்யத்தக்கன பல. தீவன விதைகளையும் கரணைகளையும் பருவம் அறிந்து வழங்குதல், மேய்க்கால் புறம்போக்கை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டல், அறுத்த புல்லைச் சேமிக்கக் கொட்டகை அமைத்துத் தருதல் ஆகியவை அவற்றுள் சில. ஆயினும் இவ்வாண்டு எந்தச் சரிவை அடைப்பது, எந்த நாளில் திறப்பது, விதி மீறியவருக்கு என்ன தண்டம் விதிப்பது என்பவற்றைத் தொலைவில் இருக்கும் அலுவலகம் முடிவு செய்ய இயலாது. புல்லை நாள்தோறும் காணும் கண்களே அதனை முடிவு செய்யவேண்டும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆடி மாதத்தில் ஊர் மன்று கூடி ஒரு மாலைப்பொழுதில் இதனைப் பேசி முடித்துவிடலாம். மாசி மாதத்தில் கூடிப் பேசுவது, வெள்ளம் வந்தபின் அணை போடுவதை ஒக்கும்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர் மாடுள்ள வீட்டிலிருந்து வருபவர்கள். தம் வீட்டு மாடுகளுக்கு 150 நாள்களில் எவ்வளவு தீவனம் வேண்டும் என்று கணக்கிட அவர்களுக்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். வீட்டில் உள்ள வைக்கோலையும் தட்டையையும் அக்கணக்கோடு ஒப்பிட்டுக் குறையைத் தந்தையாரிடம் ஐப்பசியிலேயே எடுத்துரைக்கும் மாணவன், பங்குனியில் ஒரு மாட்டின் உயிரைக் காத்தவன் ஆகிறான். அவனுக்கு யாரும் கல் நடப்போவதில்லை. ஆயினும், அன்று நிரை மீட்ட வீரன் எந்தச் செல்வத்தைக் காத்தானோ, அதே செல்வத்தையே இவனும் காக்கிறான்.

கோமுகி என்னும் சொல்லுக்குப் பசுவின் முகம் என்பது பொருள். மலையிலிருந்து இறங்கும் ஆற்றுக்குப் பசுவின் பெயர் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. மலைச்சரிவில் புல் இருக்கும் வரையில் பசுவும் இருக்கும். ஆறும் தெளிந்து ஓடும். புல்லை அற்பம் என்று எண்ணுவோர் இரண்டையும் இழப்பர். மாட்டைச் செல்வம் என்ற முன்னோரின் சொல் உண்மையாக நிலைக்கவேண்டுமாயின், அதனைக் காக்கும் புல்லையும் செல்வம் என்று எண்ணிச் சேமித்தல் வேண்டும்.